கோடு கசிந்தால் குறை கையில் இல்லை



ஆகஸ்டு மாதம் நெருங்கினால் நம் பள்ளிகளில் சாய வாடை வீசத் தொடங்கிவிடும். சுவரில் ஜாலூர் கெமிலாங் தீட்ட வேண்டும். மண்டபத் தரையில் பூப்பந்துக் களத்தின் கோடுகளைப் புதுப்பிக்க வேண்டும். கோத்தோங் ரோயோங் என்று அறிவிப்பு வரும். நீங்களும் ஒரு சனிக்கிழமை காலையில் தூரிகையோடு போய் நின்றிருப்பீர்கள். வெள்ளைப் பட்டையின் ஓரத்தில் காகித டேப்பை ஒட்டி, சிவப்புச் சாயத்தை அடித்து, மதியம் டேப்பை உரித்திருப்பீர்கள். நேர்கோடு தெரிய வேண்டிய இடத்தில் சிவப்பு, வேர்விட்டது போல வெள்ளைக்குள் ஓடியிருக்கும். பின்னால் நின்ற ஒருவர் சொல்லியிருப்பார்: "உனக்குக் கை சரியில்லை. நீ போய் வாளியைக் கழுவு."

அந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். கோடு கசிந்தது கையால் அல்ல. அதற்கு இயற்பியலில் ஒரு காரணம் இருக்கிறது, வேதியியலில் இன்னொரு காரணம் இருக்கிறது. இரண்டும் உங்கள் பாடநூலிலேயே உள்ளவை. காரணத்தைத் தேடாமல் கையைப் பழித்தால், ஒரு நல்ல பாடம் வாளித் தண்ணீரோடு போய்விடும். அதோடு, கையால் செய்யும் வேலைக்கு மூளை தேவையில்லை என்ற பழைய பொய்யும் இன்னும் ஒரு தலைமுறைக்கு உயிரோடு இருக்கும்.

முதலில் சுவரைப் பார்ப்போம். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் சிமெண்டுப் பூச்சை விரலால் தடவுங்கள். மேடும் பள்ளமும் தட்டுப்படும். டேப் அந்த மேடுகளின் மேல் பாலம் போலக் கிடக்கிறது. பாலத்தின் அடியில் தலைமுடி அளவுக்கு மெல்லிய வழிகள் திறந்தே இருக்கின்றன. திரவம் மெல்லிய இடைவெளியைக் கண்டால் தானாக உள்ளே ஏறும். இதை மலாய்ப் பாடநூலில் 'கபிலாரி' என்று படித்திருப்பீர்கள். தமிழில் நுண்புழை விளைவு என்போம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதனால்தான். டேப்பின் அடியில் சிவப்புச் சாயம் ஓடியதும் இதனால்தான்.

சாயம் கெட்டியாக இருந்தால் மெதுவாக ஓடும். சிக்கனமாக இருக்கட்டும் என்று யாராவது தண்ணீரை ஊற்றிக் கலக்கியிருந்தால் பாகுத்தன்மை குறைந்து வேகமாக ஓடும். தூரிகையை நிறைய நனைத்து டேப்பை நோக்கித் தள்ளியிருந்தால், நீங்களே சாயத்தை அந்த வழிகளுக்குள் அமுக்கி அனுப்பியதாகிவிடும். இதில் கை நடுங்கியதா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை.

அடுத்தது டேப். அது ஏன் ஒட்டுகிறது? பசை காய்ந்து இறுகுவதால் அல்ல. காய்ந்து இறுகினால் உரிக்கவே முடியாது. டேப்பின் பின்புறம் உள்ள பொருள், திரவத்துக்கும் திடப்பொருளுக்கும் நடுவில் நிற்கும் ஒன்று. விரலால் அழுத்தினால் மிக மெதுவாக வழிந்து சுவரின் பள்ளங்களுக்குள் இறங்கும். இழுத்தால் திடப்பொருளைப் போல எதிர்த்து நிற்கும். அழுத்தம்தான் அதன் சாவி. டேப்பை ஒட்டியபின் அதன் ஓரத்தை ஒரு பழைய அட்டையாலோ அளவுகோலின் விளிம்பாலோ அழுத்தித் தேய்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம். தேய்க்காத டேப் பாதிதான் ஒட்டியிருக்கும்.

இப்படி ஒட்டும் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பேராக் மாநிலப் பிள்ளைகளான நீங்கள் சற்று நிமிர்ந்து உட்கார வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் இளமஞ்சள் நிறக் காகித டேப்புகள் பலவற்றில் ஒட்டுப்பொருளின் அடிப்படை இயற்கை ரப்பர். ரப்பர் தனியாக அதிகம் ஒட்டாது. பைன் மரப் பிசின் போன்ற ஒன்றை அதோடு சேர்ப்பார்கள். இழுபடும் தன்மையை ரப்பர் தருகிறது, பற்றிக்கொள்ளும் தன்மையைப் பிசின் தருகிறது.

1877இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தப் பழைய மரங்களில் ஒன்றை இன்றும் அங்கே மாவட்ட நில அலுவலகத்தின் அருகே பார்க்கலாம். அதன்பின் பேராக் மலைச்சரிவுகள் பால்மரக் காடுகளாயின. அந்தக் காடுகளில் விடியுமுன் விளக்கோடு நடந்தவர்கள் உங்கள் தாத்தா பாட்டிகளோ அவர்களின் பெற்றோரோதான்.

பால் வெட்டுவது எப்படி என்று வீட்டில் கேட்டிருக்கிறீர்களா? மரத்தின் முன் வந்ததும் முதல் வேலை, முந்திய வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்தெடுப்பது. அது ஒரு நீண்ட நாடாவாக உரிந்து வரும். பிறகு உளியை வைத்து, பட்டையிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவ வேண்டும். குறைவாகச் சீவினால் பால் போதிய அளவு வராது. ஆழமாகப் போனால் மரத்தின் வளர்படலம் காயப்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் சரியாக வெட்ட முடியாது. கோடு சரிவாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் பால் வழிந்து மங்குக்கு வரும். ஏன் விடியுமுன்? வெயில் ஏறுமுன் மரத்தில் நீரழுத்தம் அதிகம். பால் நன்றாக ஓடும். மில்லிமீட்டர் கணக்கு, சாய்வுக் கோணம், தாவர உடலியல் எல்லாம் அந்த அரையிருட்டில் ஒரு பெண்ணின் மணிக்கட்டில் இருந்தன. ஆனால் ஆவணங்களில் அதற்கு இட்ட பெயர் 'திறனற்ற உழைப்பு'.

"உனக்குக் கை சரியில்லை" என்ற பேச்சும் 'திறனற்ற உழைப்பு' என்ற பெயரும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகள் என்பது என் கருத்து. இரண்டும் கைவேலையில் உள்ள அறிவைப் பார்க்க மறுக்கின்றன. முதலாவது, திறமை பிறவியிலேயே வரும் என்கிறது. இரண்டாவது, அங்கே திறமையே இல்லை என்கிறது. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபோது நம் குடும்பங்கள் பலவும் பட்டணத்துக்கு வந்தன. பால் வெட்டிய அறிவுக்குச் சான்றிதழ் கிடையாது. அதனால் ஒன்றும் தெரியாதவர்களைப் போல அவர்கள் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இன்றும் ஒரு பிள்ளை தொழிற்கல்லூரியில் சேரப்போவதாகச் சொன்னால், 'புள்ளி போதவில்லையா?' என்றுதான் உறவினர் கேட்கிறார்கள்.

இந்தக் காகித டேப்பின் கதையே அந்தக் கேள்விக்கு நல்ல பதில். 1920களில் அமெரிக்காவில் இரட்டை நிறக் கார்கள் பிரபலமாயின. ஒரு நிறத்தை அடித்து, அதைக் காகிதத்தால் மறைத்து, அடுத்த நிறத்தை அடிப்பார்கள். மறைப்பை ஒட்டிய பசை, உரிக்கும்போது புதுச் சாயத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். பட்டறைத் தொழிலாளர்கள் கோபத்தில் திட்டித் தீர்ப்பார்கள். மினசோட்டாவில் மணல்தாள் செய்துவந்த 3எம் நிறுவனத்தின் ஆய்வக உதவியாளர் ரிச்சர்ட் டுரூ, மணல்தாளைச் சோதித்துப் பார்க்க அப்படி ஒரு பட்டறைக்குப் போனார். அவர் பல்கலைக்கழகப் படிப்பை முடிக்காதவர். தொழிலாளர்களின் திட்டைக் கேட்டு அவர் சிரித்துவிட்டு வரவில்லை. அதை ஓர் ஆராய்ச்சிக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். மணல்தாள் வேலையைப் பாருங்கள் என்று மேலிடம் சொல்லியும் அவர் விடவில்லை. நன்றாக ஒட்ட வேண்டும், ஆனால் சேதமின்றி உரிய வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு பண்புகளையும் ஒரே பொருளில் கொண்டுவர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முயன்றார். 1925இல் சுருக்கம் வைத்த காகிதத்தில் பசை பூசிய முதல் மாஸ்கிங் டேப் வந்தது. முதலில் பயன்படுத்திய பசை தச்சர் பசையும் கிளிசரினும் கலந்தது. ரப்பர் பிற்காலத்தில் அந்த இடத்துக்கு வந்தது. அதே 1925இல்தான் நம் நாட்டில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் அமைக்கப்பட்டது.

டுரூவின் கண்டுபிடிப்பு எங்கே தொடங்கியது? 'உங்களுக்குக் கை சரியில்லை' என்று அந்தப் பட்டறைக்காரர்களிடம் அவர் சொல்லாத இடத்தில் தொடங்கியது.

சரி, ஜாலூர் கெமிலாங்கைக் கசியாமல் தீட்டுவது எப்படி? 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரமுள்ள கொடி என்று வைத்துக்கொள்வோம். 14 பட்டைகள், ஒவ்வொன்றும் சுமார் 14 சென்டிமீட்டர். அவற்றுக்கு இடையே 13 எல்லைகள். நீலப் பகுதி மேலிருந்து 8 பட்டைகளின் உயரத்தையும் கொடியின் பாதி நீளத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஆகவே மேலுள்ள 7 எல்லைகள் 2 மீட்டர் வீதம் 14 மீட்டர்; கீழுள்ள 6 எல்லைகள் 4 மீட்டர் வீதம் 24 மீட்டர். மொத்தம் 38 மீட்டர். இவ்வளவு நீளத்துக்கும் கண் மட்டத்தை மட்டும் நம்பினால் நிச்சயம் எங்காவது பிசகும்.

முதலில் சுவரைத் துடைத்து உலரவிடுங்கள். உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் கையில் ஒட்டினால், அது சுண்ணாம்பு பூசிய பழைய சுவராகவோ சாயம் பொடிந்த சுவராகவோ இருக்கும். அங்கே டேப் சுவரைப் பிடிக்காது, தூளைத்தான் பிடிக்கும். முன்னாள் தோட்டப் பள்ளிகளின் பழைய கட்டடங்களில் இதைக் காணலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: பழைய எண்ணெய்ச் சாயங்களில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. ஈயத் தூள் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. உரிந்து நிற்கும் பழைய சாயத்தை நீங்களாக மணல்தாளால் தேய்க்காதீர்கள். அதைப் பெரியவர்கள் ஈரப்படுத்தி, பாதுகாப்போடு அகற்றட்டும். அந்த வேலையை மாணவர்களிடம் கொடுக்கும் ஆசிரியர் இருந்தால், மரியாதையோடு மறுத்துவிடலாம்.

பிறகு முழுப் பரப்புக்கும் வெள்ளை அடித்து, குறைந்தது ஒரு நாள் காயவிடுங்கள். தொட்டால் காய்ந்தது போலத் தெரியும் சாயம் உள்ளே காய்ந்திருக்காது. அதன்மேல் டேப்பை ஒட்டினால் உரிக்கும்போது வெள்ளையும் சேர்ந்து வரும். நூல் பிடித்துக் கோடு போட்டு, வெள்ளையாகவே இருக்க வேண்டிய பக்கத்தில் டேப்பை ஒட்டி, ஓரத்தை அழுத்தித் தேய்க்கவும். அடுத்தது சுவரில் சாயம் அடிப்பவர்கள் பலரும் அறிந்த ஒரு தந்திரம்: சிவப்பைத் தொடுமுன் டேப்பின் ஓரத்தில் அதே வெள்ளையை மெல்லியதாக ஒருமுறை பூசுங்கள். திறந்திருக்கும் நுண்வழிகளுக்குள் வெள்ளை ஓடி அடைத்துக்கொள்ளும். வெள்ளைக்குள் வெள்ளை கசிந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அது காய்ந்தபின் சிவப்பை அடித்தால் நுழைய வழி இருக்காது. கசிவைத் தடுக்க முடியாத இடத்தில், எது கசியலாம் என்பதை நாமே முடிவு செய்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் சிந்தனைகளில் இதுவும் ஒன்று.

சில விலையுயர்ந்த டேப்புகளின் ஓரத்தில் நீரை உறிஞ்சிக் கூழாகும் ஒரு பாலிமர் இருக்கும். குழந்தைகளின் டயப்பரில் உள்ளதும் அதே வகைப் பொருள்தான். சாயத்தின் நீர் பட்டதும் அது பருத்து வழியை அடைக்கும். வெள்ளைச் சாயத் தந்திரம் அதே வேலையைச் செலவில்லாமல் செய்கிறது.

எப்போது உரிப்பது? இங்கேதான் நம் பால்மரம் மறுபடியும் வருகிறது. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் சாயத்தில் நுண்ணிய பாலிமர் துகள்கள் நீரில் மிதக்கின்றன. நீர் ஆவியாகும்போது அவை நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. மரத்துப் பாலிலும் ரப்பர் துகள்கள் நீரில்தான் மிதக்கின்றன. வெட்டுக்கோட்டில் காய்ந்த பால் நாடாவாக உரிவதும் அப்படிப் படலமாவதால்தான். சாயம் முழுப் படலமாக இறுகியபின் டேப்பை உரித்தால், சுவரில் உள்ள படலமும் டேப்பின் மேலுள்ள படலமும் ஒரே துண்டாக வரும். விளிம்பு பல்பல்லாகக் கிழியும். ஆகவே கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே உரியுங்கள். நேரம் கடந்துவிட்டால் ஓரத்தில் கத்தியால் மெதுவாகக் கீறிவிட்டு உரியுங்கள். டேப்பைப் பின்னால் மடித்து, ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் நிதானமாக இழுங்கள். வேகமாக இழுத்தால் ஒட்டுப்பொருளுக்கு வழிய நேரம் கிடைக்காது. அது திடப்பொருள் போலவே நின்று சாயத்தையும் பிய்த்துவிடும்.

டேப்பை அடுத்த வாரம் உரிக்கலாம் என்று வெயிலில் விட்டுவிடாதீர்கள். ரப்பர் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. வெயிலும் ஆக்சிஜனும் அவற்றைத் தாக்க, ஒட்டுப்பொருள் பிசுபிசுப்பாகவோ மொறுமொறுப்பாகவோ மாறிச் சுவரிலேயே தங்கிவிடும். நீல நிற டேப்புகளில் பெரும்பாலும் அக்ரிலிக் வகை ஒட்டுப்பொருள் இருக்கும். அதில் இந்தப் பலவீனம் இல்லாததால் கூடுதல் நாள்கள் தாங்கும். எத்தனை நாள் என்பதை உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதையும் கேட்டுக்கொள்வோம். அனுபவமுள்ள சாயக்காரர் ஒருவர் டேப்பே இல்லாமல் கூரை ஓரத்தில் நேர்கோடு இழுப்பார். நம் கோயில் சுவர்களின் காவி வெள்ளைப் பட்டைகளை நூலும் தூரிகையும் மட்டும் கொண்டு தீட்டியவர்கள் உண்டு. உண்மை. அந்தக் கை பல ஆண்டுப் பயிற்சியில் அமைந்தது. தூரிகையில் எவ்வளவு சாயம், எந்த வேகம், எந்த அழுத்தம் என்பதை அது கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. அவரிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். அவர் அறிந்ததும் இதே அறிவியல்தான். சூத்திரமாக எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் கூர்மையான கோடு வேண்டுமா என்றும் கேட்கலாம். வேண்டாம். ஈப்போ பழைய நகரில் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் 2014இல் தீட்டிய சுவரோவியங்களைப் பாருங்கள். காப்பிக் கோப்பையோடு இருக்கும் அந்த முதியவரின் முகத்தை டேப் ஒட்டித் தீட்ட முடியாது. ஆனால் கொடிக்கும் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள பூப்பந்துக் கோட்டுக்கும் ஓரம் நேராகத்தான் இருக்க வேண்டும். டேப் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருள் என்ற குறையும் நியாயமானதே. தேவையான எல்லைக்கு மட்டும் ஒட்டுங்கள். உரித்ததை எரிக்காமல் குப்பையில் சேருங்கள்.

பள்ளிகளிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு கோத்தோங் ரோயோங்குக்கு ஒரு வாரம் முன்பே மாணவர்களிடம் ஒரு பலகையைக் கொடுங்கள். அதில் நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் டேப்பைச் சும்மா ஒட்டட்டும். இரண்டாவதில் அழுத்தித் தேய்க்கட்டும். மூன்றாவதில் தேய்த்தபின் அடிநிறத்தால் அடைக்கட்டும். நான்காவதில் மூன்றாவதைப் போலவே செய்து, சாயம் முழுதாகக் காய்ந்தபின் உரிக்கட்டும். ஒவ்வொரு கோட்டிலும் பத்து இடங்களில் கசிவை மில்லிமீட்டரில் அளந்து சராசரி எடுக்கட்டும். ஆர்வமுள்ளவர்கள் டேப்பின் நுனியில் சுருள்வில் தராசைக் கட்டி, எந்தக் கோணத்தில் எவ்வளவு விசை தேவை என்றும் அளக்கலாம். செலவு ஒரு டேப் சுருளும் மிச்சச் சாயமும். கிடைப்பதோ மாறிகள், கட்டுப்பாடு, அளவீடு, முடிவு என்று எஸ்.பி.எம். தாளில் கேட்கும் அத்தனையும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டில் பால் வெட்டிய பாட்டியோ தாத்தாவோ இருந்தால், உளியை எப்படிப் பிடித்தார்கள், மழை நாளில் என்ன செய்தார்கள், பால் கட்டியாக எதை ஊற்றினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த அறிவைக் கைகளில் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.

ஆகஸ்டில் யாராவது "உனக்குக் கை சரியில்லை" என்று சொன்னால் கோபப்பட வேண்டாம். அந்தப் பலகையை எடுத்து வந்து, முதல் கட்டத்தின் அளவையும் மூன்றாம் கட்டத்தின் அளவையும் அவரிடம் காட்டுங்கள். இரண்டையும் தீட்டியது ஒரே கை என்றும் சொல்லுங்கள்.